விளக்கு எரியவில்லை, பேட் தீர்ந்திருந்தது

ஏலகிரி மலையில் மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கி வரும்போது பாதி வளைவு தாண்டியதும் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. அம்மிக்கல்லில் இரும்புக் கரண்டியை வைத்து இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி. பிரேக்கில் கால் வைத்தால் கர்ரென்று வரும், காலை எடுத்தால் நின்றுவிடும். வண்டி என் மாப்பிள்ளையுடையது. 2010 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி, பெங்களூரில் செகண்டில் வாங்கியது.

"பேட் தேஞ்சிருந்தா லைட் எரியணுமே மாமா, ஒண்ணும் காட்டலையே" என்றார். பேட் என்பது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் அழுத்தி வண்டியை நிறுத்துகிற, தேயக்கூடிய கட்டை. எட்டிப் பார்த்தேன். முன் பிரேக் இன்னும் 14,000 கிலோமீட்டர் தாங்கும் என்று மீட்டர் சொல்லிக்கொண்டிருந்தது. "அத்த விடுங்க மாப்ள. கியரக் கொறச்சி மெதுவா எறக்குங்க. சத்தம் பொய் சொல்லாது" என்றேன். ஜோலார்பேட்டையில் தெரிந்தவர் வீட்டு வாசலில் வண்டியை விட்டுவிட்டு, ரயில் பிடித்து காட்பாடி வந்தோம். மறுநாள் ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரும்பு இரும்போடு உரசுகிற பிரேக்கை நம்பி ஹைவேயில் ஓட்டக் கூடாது.

எனக்குச் சொந்த ஊர் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர். நானும் 17 வருஷம் ராணுவத்தில் இ.எம்.இ. என்ற ரிப்பேர் பிரிவின் ஒர்க்‌ஷாப்பில் வண்டி வேலை பார்த்தவன். இப்போது காட்பாடியில் இருக்கிறேன். அந்த வண்டியின் பேடையும் சென்சாரையும் வாசலிலேயே நானும் என் மகளும் மாற்றினோம். அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த விளக்கு ஏன் எரியவில்லை என்பது. சென்சார் என்று பெரிய பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது பிளாஸ்டிக்கில் பொதிந்த ஒரு வயர் வளையம்தான். பேட் தேயத் தேய டிஸ்க் அந்தப் பிளாஸ்டிக்கைத் தொடும், தேய்த்து வயரை அறுக்கும், சர்க்யூட் விட்டுப்போகும், விளக்கு எரியும். இந்த வண்டியில் இரண்டு ஆழத்தில் இரண்டு கட்டமாக வைத்திருக்கிறார்கள். அதுவரை ஓட்டியதை வைத்துப் போட்ட மிச்ச கிலோமீட்டர் கணக்கை, முதல் கட்டம் அறுந்ததும் திருத்திக்கொள்ளும். ஆனால் முன்பக்கத்துக்கு மொத்தம் ஒரே சென்சார். அது இடது சக்கரத்தின் உள் பேடில் இருக்கிறது. பின்னால் ஒன்று, வலது சக்கரத்தில். முன் வலது சக்கரத்தில் என்ன நடந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. நாங்கள் கழற்றியபோது இடது உள் பேடில் 6 மில்லிமீட்டர் இருந்தது. வலது உள் பேடில் பேடே இல்லை, வெறும் இரும்புத் தகடு.

மாருதி, ஹூண்டாய் போன்ற வண்டிகளில் பெரும்பாலும் இந்த வயர் கிடையாது. பேடின் ஓரத்தில் ஒரு சின்ன எஃகு நாக்கு இருக்கும். பேட் 2, 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அது டிஸ்கில் உரசி கீச்சென்று கத்தும். பாட்டுச் சத்தத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, ஒரு மதில் சுவர் ஓரமாக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

சாமான்: டிராலி ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு, வீல் ஸ்பேனர், ஆலன் கீ செட், சி-கிளாம்ப், கம்பி பிரஷ், பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, பனியன் வேஸ்ட், கட்டுக் கம்பி, டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்), கண்ணுக்குப் போடும் கண்ணாடி, மாஸ்க். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் கடன் வாங்கியாவது வையுங்கள். பேடை ஆக்ஸிலுக்கு ஒரு செட்டாகத்தான் மாற்ற வேண்டும், இடது மட்டும் வலது மட்டும் என்று கிடையாது. இந்த வண்டிக்குச் சென்சாரும் பேடும் வேலூரில் தேடி அலைந்து, கடைசியில் சென்னை ஜி.பி. ரோடு கடையிலிருந்து வரவழைத்தேன். ஆர்டர் கொடுக்கும்போது ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரைச் சொல்லிவிடுங்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று வகை பேட் உண்டு.

காலை 6 மணிக்கு ஆரம்பித்தோம். எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். அக்னி நட்சத்திரத்தில் 10 மணிக்கு மேல் தரையில் வைத்த ஸ்பேனரைக் கையில் எடுக்க முடியாது.

தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே போல்ட்டுகளை அரைச் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். பிறகு ஜாக்கி. தூக்கியதும் ஸ்டாண்டு வைத்து, வண்டியின் எடையை ஸ்டாண்டில் இறக்கி, உடம்பால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கவே கூடாது. அது பார்க்கக் கெட்டியாக இருக்கும், உடையும்போது சொல்லிக்கொண்டு உடையாது.

சக்கரம் வெளியே வந்ததும் கரிப் பொடி இருக்கும். வாயால் ஊதாதீர்கள், கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்த காலம் உண்டு. கிளீனர் அடித்து ஈரமாகவே துடையுங்கள்.

பேடுகளை டிஸ்கின் மேல் அழுத்துகிற இரும்புக் கவ்விதான் கேலிப்பர். அதன் வெளிப்பக்கம் ஒரு தடித்த ஸ்பிரிங் கம்பி இருக்கும். ஒரு கையால் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து நெம்புங்கள். பிடிக்காமல் நெம்பினால் முகத்துக்கு வரும். பின்பக்கம் மேலும் கீழும் இரண்டு பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றினால் உள்ளே 7 மில்லிமீட்டர் ஆலன் கீ போகிற கைடு பின்கள்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். மொத்தக் கோளாறும் இந்தப் பின்னில்தான் இருந்தது.

இந்த வகைக் கேலிப்பரில் பிஸ்டன் ஒரே ஒரு பக்கம்தான், உள்பக்கம். பிரேக் அழுத்தினால் பிஸ்டன் உள் பேடை டிஸ்கின் மேல் தள்ளும். தள்ளிய வேகத்தில் கேலிப்பர் முழுவதும் இந்தப் பின்களின் மேல் வழுக்கிப் பின்னால் வந்து வெளிப் பேடையும் இழுத்து அழுத்தும். பின் வழுக்கவில்லை என்றால் உள் பேட் மட்டும் பாடுபடும், வெளிப் பேட் சும்மா இருக்கும். வலது பக்கம் மேல் பின்னை உருவ முயன்றபோது அது வரவே இல்லை. என் மகள் ஆலன் கீயைத் திருப்பிக்கொண்டே, "நைனா, மரையெல்லாம் உட்டுப்போச்சி, ஆனா பின்னு ரப்பரக் கவ்விக்கினு இருக்குது" என்றாள். இழுத்து வெளியே எடுத்துப் பார்த்தால் பின் முழுக்க மஞ்சள் கிரீஸ். முன்னால் வேலை பார்த்தவர் யாரோ நல்ல எண்ணத்தில் சேஸிஸ் கிரீஸை அப்பியிருக்கிறார். பெட்ரோலிய எண்ணெயில் செய்த கிரீஸ் பட்டால் பிரேக் ரப்பர் உப்பிவிடும். ரப்பர் புஷ்ஷை விரலால் அமுக்கிப் பார்த்தேன். ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி பருத்து நொசநொசவென்று இருந்தது. உப்பிய ரப்பர் பின்னைக் கவ்வியது, கேலிப்பர் வழுக்கவில்லை, வலது உள் பேட் தனியாகத் தேய்ந்து தீர்ந்தது. சென்சார் இடது பக்கம் உட்கார்ந்து எல்லாம் நலம் என்றது.

இந்த வண்டிக்குப் பின்னைத் துடைத்து, காய்ந்த நிலையிலேயே போட வேண்டும். கிரீஸே கூடாது. புஷ் இரண்டு பக்கமும் புதிதாக மாற்றினோம். மாருதி மாதிரி வண்டிகளில் பின்னுக்கு ரப்பர் உறை போட்டு, உள்ளே கிரீஸ் உண்டு. அதற்குப் பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். எந்த வண்டியானாலும் பேட் மாற்றும்போது பின்னைக் கையால் உருவி, திரும்பத் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நம்ம ஊரில் அவசரத்துக்குப் பேட் மாற்றும் இடங்களில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பேட் புதிது, பின் பழையபடி இறுகி. அடுத்த செட்டும் அப்படியே தேயும்.

பின் இரண்டும் வந்ததும் கேலிப்பரைத் தூக்கி எடுக்கலாம். தொங்கவிடாதீர்கள். கட்டுக் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் இழுபட்டால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது.

இடது பக்கமானால் உள் பேடிலிருந்து சென்சாரைப் பிடுங்கி, வயரைத் தொடர்ந்து போங்கள். ஹோஸோடு சேர்ந்து போய், வீல் ஆர்ச்சுக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் நுழையும். மூடியைத் திறந்து பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றுமுன் வயர் எந்தெந்தக் கிளிப்பில் போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பழைய சென்சார் அறுபடவில்லைதான். ஆனாலும் பல வருஷச் சூட்டில் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருந்தது, பிடுங்கும்போதே உடைந்தது. பேட் வாங்கும்போதே சென்சாரும் சேர்த்து வாங்குங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பாருங்கள். பிஸ்டன் உள்ளே போகப் போக ஆயில் மேலே ஏறும். விளிம்பு வரை இருந்தால் புது ஊசி சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்டை உரித்துவிடும். பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து, சி-கிளாம்பை மெதுவாகத் திருகுங்கள். கோணலாகப் போனால் நிறுத்தி நேராக்குங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருந்தால் பேட் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, கேலிப்பருக்கு ரிப்பேர் கிட் போடச் சொல்லுங்கள்.

பின் சக்கரம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹேண்ட் பிரேக் கேலிப்பருக்குள்ளேயே இருக்கும் வண்டிகளில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும், கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் மரை போய்விடும். பட்டன் ஹேண்ட் பிரேக் என்றால் ஸ்கேனர் வைத்து சர்வீஸ் மோடில் போடாமல் தொடாதீர்கள்.

டிஸ்கைப் பாருங்கள். குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும். நகத்தை மையத்திலிருந்து வெளியே இழுத்தால் வரியில் மாட்டக் கூடாது. எங்கள் வலது டிஸ்க் உழுத வயல் மாதிரி இருந்ததால் இரண்டு பக்கமும் புதிது போட்டோம்.

பேட் உட்காரும் பிராக்கெட்டைக் கம்பி பிரஷால் துருப் போகத் தேயுங்கள். பேடின் காது அதில் விரல் அழுத்தத்தில் நகர வேண்டும். பேடின் முகத்தில் கைபட்ட எண்ணெய் கூட வேண்டாம். உள் பேடின் முதுகில் மூன்று கவ்வி இருக்கும், அது பிஸ்டனுக்குள் டக்கென்று உட்கார வேண்டும். இடது உள் பேடில் சென்சாரை முன்னதாகவே அழுத்திவிட்டு, பிறகு பேடைப் போடுங்கள். புது வயரைப் படத்தில் பார்த்தபடி ஒவ்வொரு கிளிப்பிலும் மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். வயர் டயரில் உரசவும் கூடாது, விண்ணென்று இழுக்கவும் கூடாது.

பின்களை 30 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினோம். சக்கர போல்ட் 120, குறுக்குக் குறுக்காக. இது இந்த வண்டிக்கான கணக்கு. உங்கள் வண்டிக்கு மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரொம்ப முக்கியம். வண்டியை அசைக்கும் முன் பிரேக் பெடலை இருபது முறையாவது மிதியுங்கள். முதலில் தரை வரை போகும். பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தொட்ட பிறகுதான் பெடல் கல் மாதிரி நிற்கும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் வண்டி நிற்காது. பிறகு ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்தால் புதிதாகப் பிரித்த டாட் 4 டப்பாவிலிருந்து மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். ஏலகிரி இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகிவிடும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

மீட்டரை ரீசெட் செய்ய, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, மீட்டரில் உள்ள பட்டனைச் சுமார் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் சர்வீஸ் பட்டியல் வரும். முன் பிரேக்கைத் தேர்ந்தெடுத்து மறுபடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ரீசெட் ஆகவில்லை என்றால் சென்சார் பிளக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மறுநாள் விடியற்காலை கணியம்பாடியிலிருந்து அமிர்தி போகிற ரோட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து ஓட்டினோம். 60-லிருந்து 20 வரை மிதமாக மிதித்துக் குறைப்பது, முழுசாக நிறுத்துவதில்லை, அரை நிமிஷம் விட்டு மறுபடியும். பத்து முறை. பிறகு பிரேக்கே தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டிச் சூட்டை ஆற்றினோம். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடியே நின்றால் டிஸ்கில் அந்த இடத்தில் மட்டும் திட்டு விழும், ஸ்டியரிங் உதறும். இறங்கி இரண்டு முன் சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் காட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே சூடு.

மூன்று மாதம் கழித்து மாப்பிள்ளை வந்தபோது சக்கரத்தைக் கழற்றி நான்கு பேடையும் அளந்தோம். வண்டி ரெக்கார்டில் மகள் எழுதியிருக்கிறாள்: இடது உள் 11, இடது வெளி 11, வலது உள் 11, வலது வெளி 11. நான்கு பின்னும் கையால் வழுக்கியது.