மதுரையில் முடிக்க வேண்டியது, டொராண்டோவில் வாங்க வேண்டியது

கனடாவுக்குக் கிளம்பும் குடும்பங்கள் கடைசி இரண்டு மாதமும் விளக்குத்தூணுக்கும் கீழமாசி வீதிக்குமாக அலைகின்றன. பெட்டி நிறைகிறது, பணம் கரைகிறது. போய் இறங்கி ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வாங்கியதில் பாதி பெட்டியை விட்டு வெளியே வந்திருக்காது. இங்கேயே முடித்திருக்க வேண்டிய நாலு வேலை முடியாமல் கிடக்கும்.

மதுரையில் கை வேலை மலிவு. கனடாவில் பொருள் மலிவு, கை வேலைதான் யானை விலை. இங்கே எந்தத் தெருமுனைத் தையல்காரரும் டீ குடிக்கும் நேரத்தில் ஜிப் மாற்றித் தந்துவிடுவார். அங்கே அதற்குக் கேட்கும் கூலியோடு கொஞ்சம் சேர்த்தால் சாதாரண ஜாக்கெட் ஒன்றே வாங்கிவிடலாம். பல் டாக்டர், மெக்கானிக், பிளம்பர் எல்லாரிடமும் இதே கதைதான். அதனால், ஓர் ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைகளுக்கு மதுரையில் தாராளமாகச் செலவழியுங்கள். கடையில் எடுத்துக்கொண்டு வருகிற சாமான்களை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் பக்கமிருந்து ஒன்டாரியோ மாகாணத்துக்கு, அதிலும் டொராண்டோ வட்டாரத்துக்குப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

பல்லில் தொடங்குங்கள். ஒன்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீடான ஓஹிப்பில் டாக்டர் செலவும் ஆஸ்பத்திரிச் செலவும் அடங்கும். நிரந்தரக் குடியுரிமையோடு வருபவர்கள் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதி 2020-ல் போய்விட்டது. ஆனால் பெரியவர்களின் வழக்கமான பல் வைத்தியம், கண்ணாடி, கடையில் வாங்கும் மருந்து ஆகியவை இதில் வராது. படிக்கப் போகும் மாணவர்களுக்கு ஓஹிப்பே கிடையாது, கல்லூரிக் காப்பீடுதான். கூட்டாட்சி அரசின் பல் பராமரிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. குடும்ப வருமானம் 90,000 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும், வேறு பல் காப்பீடு இருக்கக் கூடாது, அங்கே வருமான வரி ரிட்டர்னும் போட்டிருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு உடனே கைக்கு வராது. ஆகவே பயணத்துக்கு எட்டு வாரம் முன்பே பல் டாக்டரைப் பாருங்கள். வேர் சிகிச்சைக்கும் மேலே கேப் போடுவதற்கும் மூன்று நாலு தடவை போக வேண்டியிருக்கும். கடைசி வாரத்தில் ஆரம்பித்து, தற்காலிகச் சிமென்ட் அடைப்போடு விமானம் ஏறாதீர்கள். அந்த அடைப்பு பெயர்ந்தால் அங்கே முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

அடுத்தது கண். 1976-ல் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு, பரிசோதனை செய்யாமல் கிளம்பினால் பிறகு வருத்தப்படுவீர்கள். பவர் சீட்டை ஆங்கிலத்தில் வாங்குங்கள். இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான சீட்டுகளில் அந்த எண் இருக்காது. அது இருந்தால் பின்னால் ஆன்லைனில் மலிவாகக் கண்ணாடி வரவழைத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு இரண்டு ஜோடி, பந்து விளையாடுகிற பிள்ளைகளுக்கு மூன்று.

தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 90 நாளுக்கு மிகாமல், அட்டையைப் பிரிக்காமல், டாக்டர் சீட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரும் இருக்கட்டும். நம்மூர் மாத்திரைப் பெயர்கள் அங்கே எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது. பாரசிட்டமாலுக்கே அங்கே அசெட்டமினோஃபென் என்றுதான் பெயர்.

காகித வேலைகள்

பணம் குறைவாகவும் பலன் அதிகமாகவும் உள்ள இடம் இதுதான். ஆனால் எல்லாரும் இதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள்.

முதலில் பெயர். நம் பக்கத்தில் பலருக்கு பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கும். விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் வெற்றிடமாகிவிடும். பிறகு பேங்கில் ஒரு விதம், லைசென்சில் ஒரு விதம், சம்பளச் சீட்டில் ஒரு விதம் என்று பெயர் பிரிந்து, ஒவ்வொரு கவுன்ட்டரிலும் விளக்கம் சொல்லியே நாள் போகும். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சர்நேமாகச் சேர்த்துப் புது பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். விசா வந்த பிறகு மாற்றினால் இரட்டை வேலை.

அடுத்து டிரைவிங். ஒன்டாரியோவில் எந்தச் சான்றும் இல்லாமல், நீங்களே எழுதிக் கொடுத்து 12 மாத ஓட்டுநர் அனுபவம் வரை கணக்குக் காட்டலாம். எழுத்துத் தேர்வான ஜி1 முடித்ததும் காத்திருக்காமல் ஜி2 சாலைத் தேர்வுக்குப் போக அது போதும். இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர்கள் நேராகக் கடைசித் தேர்வான ஜி-க்கே போகலாம். அதற்கு லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் அத்தாட்சிக் கடிதம் வேண்டும். முதலில் எடுத்த தேதி, எந்த வகை வண்டி, இன்றைய நிலை மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இரண்டு நடை நடந்தால் வாங்கிவிடலாம். அங்கே போன பிறகு ஊரிலிருக்கும் மச்சானை அனுப்பி வாங்குவது பெரும்பாடு.

காமராசர் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்டுக்குப் பல்கலை நகருக்கே நேரில் போய் விண்ணப்பியுங்கள். கணவருக்கு மட்டும் எடுத்துவிட்டு மனைவியின் படிப்பை விட்டுவிடுகிற வீடுகள் ஏராளம். அங்கே வேலை தேடும்போது இருவர் படிப்புக்கும் மதிப்பீடு வேண்டும். பிள்ளைகளுக்குப் பெயர் சேர்த்த ஆங்கிலப் பிறப்புச் சான்றிதழும், தேதிவாரியான தடுப்பூசிப் பட்டியலும் எடுங்கள். ஒன்டாரியோ பள்ளிகள் தடுப்பூசி விவரம் கேட்கும். அங்கன்வாடி அட்டையில் தமிழில் கிறுக்கியிருந்தால், டாக்டரின் லெட்டர்பேடில் ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் என்ன

தைத்த துணி எடுத்துப் போகலாம், தைப்பது கை வேலை. பிளவுசுக்கு உள்ளே இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். முதல் வருடம் உடம்பு ஏறுகிறவர்களும் உண்டு, இறங்குகிறவர்களும் உண்டு. சுங்குடிச் சேலை நாலைந்து வைத்துக்கொண்டால் கனமும் இல்லை, ஜூலை வெயிலுக்கும் ஆகும்.

அரிசி, பருப்பு, நல்லெண்ணெய், வெல்லம் எதுவும் வேண்டாம். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஈழத்தமிழர் கடைகளில் முருங்கைக்காய் முதல் இட்லி அரிசி வரை கிடைக்கும். மில்லில் உங்கள் பக்குவத்துக்கு அரைத்த குழம்பு மிளகாய்த்தூளும் சாம்பார்ப் பொடியும் கிடைக்காது. ஈழத்துக் கறித்தூள் அருமையானதுதான், ஆனால் வறுவல் வேறு, ருசி வேறு. மூன்று கிலோ அரைத்து, சூடு முழுவதும் ஆறிய பிறகு இரட்டைக் கவரில் ஒட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே ஈரம் கோர்த்துக் கட்டி பிடித்துவிடும். வெயிலில் காய்ந்த வத்தல், வடகமும் அப்படித்தான், அந்த வெயில் அங்கே இல்லை. சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று சுங்கப் படிவத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். உப்புக்கண்டம், விதை, செடி, பச்சை இலை வேண்டாம்.

குக்கர் எடுத்துப் போங்கள், கூடவே இரண்டு கேஸ்கெட்டும் ஒரு சேஃப்டி வால்வும். வாடகை வீடுகளில் பெரும்பாலும் கரண்ட் அடுப்புதான். சுருள் அடுப்பிலும் கண்ணாடி மேல்தட்டு அடுப்பிலும் அலுமினியக் குக்கர் வேலை செய்யும், இண்டக்‌ஷனில் செய்யாது. அடி உருண்ட இரும்புச் சட்டி கண்ணாடி அடுப்பில் ஒரு ரூபாய் அகலத்துக்குத்தான் சூடாகும். அதை விட்டுவிட்டு அடி தட்டையான தோசைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பின் மேல் அதைத் தூக்கித்தான் வைக்க வேண்டும், இழுத்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

மிக்சியில்தான் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள். நம்மூர் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வீட்டிலிருக்கும் மிக்சியை அங்கே செருகினால் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றும், தேங்காய் சில்லுகூட மசியாது. டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டலாம் என்பார்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால் 750 வாட் மிக்சிக்கு 1500 வாட் டிரான்ஸ்பார்மராவது வேண்டும். அது செங்கல்லைப் போல் கனக்கும், விலையும் அதிகம். அதனால் வெளிநாட்டுக்கென்றே செய்த 110 வோல்ட் மாடலைக் கடையில் முன்கூட்டிச் சொல்லிவைத்து வாங்குங்கள். அங்கே தமிழ்க் கடைகளிலும் கிடைக்கிறது, பெட்டியில் இடமில்லையென்றால் கவலை வேண்டாம். ஒரே எச்சரிக்கை: இங்கே வாங்கிய 110 வோல்ட் மிக்சியை ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று வீட்டு பிளக்கில் செருகாதீர்கள், மோட்டார் அங்கேயே கருகிவிடும். கடையில் வோல்ட் குறைக்கும் டிரான்ஸ்பார்மரில்தான் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ஜாரின் அடியிலுள்ள கப்ளர் இரண்டு சேர்த்து வாங்குங்கள், முதலில் தேய்வது அதுதான். போன், லேப்டாப் சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். அயர்ன் பாக்ஸ் வேண்டாம்.

அங்கே கை நீட்டிச் செலவழிக்க வேண்டியது

மதுரையில் கம்பளி ஸ்வெட்டர் வாங்கிக் குவிக்காதீர்கள். மார்கழிப் பனிக்கு நெய்தது அது. மைனஸ் 15-ல் காற்று அதன் கண்ணிகளுக்குள் புகுந்து போகும். வீட்டுக்குள்ளோ ஹீட்டரால் 21 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும், ஸ்வெட்டரே தேவைப்படாது. வழி மூன்று அடுக்குதான்: உடம்போடு ஒட்டிய தெர்மல், நடுவில் மெல்லிய ஃபிளீஸ் என்ற பஞ்சு போன்ற செயற்கைத் துணிச் சட்டை, வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். தெர்மல் பருத்தியாக இருக்க வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும், பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றால் அந்த ஈரமே குளிரும்.

ஜாக்கெட்டுக்கும் பூட்சுக்கும் கஞ்சத்தனம் கூடாது. 200 டாலர் தாண்டினாலும் நல்லதாக ஒன்று போதும், ஐந்தாறு வருடம் வரும். உள்ளே ஃபிளீஸ் போட்டுக்கொண்டு கடையில் போட்டுப் பாருங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் இடுப்பு தெரியக் கூடாது, தொடை பாதி மறைய வேண்டும். மணிக்கட்டில் உள்ளுக்குள் இன்னொரு பின்னல் பட்டை இருக்கிறதா, ஜிப்புக்கு மேல் மூடும் மடல் இருக்கிறதா, தொப்பி ஜாக்கெட்டோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்ஸ் தண்ணீர் புகாததாக, கம்பளி சாக்ஸுக்கு இடம் விட்டு அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும். உள்பஞ்சு தனியாகக் கழன்று வந்தால் ராத்திரியில் காயவைக்கலாம். சாலையில் தூவும் உப்பு பூட்ஸில் வெள்ளையாகப் பூக்கும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைத்தால் போகும். துடைக்காமல் விட்டால் தோல் வெடிக்கும். வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் இதையெல்லாம் பழையதாக வாங்குங்கள், ஒரே சீசனில் சின்னதாகிவிடும்.

மெத்தை புதிதாகத்தான் வாங்க வேண்டும். மேசை, நாற்காலி, புத்தக அலமாரி எல்லாம் பழையதே போதும், தெருவோரத்தில் சும்மா வைத்திருப்பதைக்கூடத் துடைத்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மெத்தையும் சோபாவும் அப்படி வேண்டவே வேண்டாம். டொராண்டோவில் மூட்டைப்பூச்சித் தொல்லை உண்டு. ஒரு பழைய மெத்தையில் மிச்சம் பிடித்த பணம், பூச்சி மருந்து அடிக்க வருகிறவரின் கூலிக்கே பத்தாது.

வீட்டு வாடகையில் பத்து டாலர், இருபது டாலருக்காகப் பஸ் வராத இடத்துக்குப் போகாதீர்கள். அடிக்கடி பஸ் வரும் சாலைக்கு நடந்து போகும் தூரத்தில் எடுத்தால் முதல் வருடம் காரே வேண்டாம். புதியவர்களுக்குக் கார் இன்சூரன்ஸ் மாதாமாதம் கையைக் கடிக்கும். பயணக் கட்டணத்துக்கான பிரெஸ்டோ அட்டையை ஒரு தடவை தட்டினால் டொராண்டோ நகரப் போக்குவரத்தான டி.டி.சி.யின் பஸ்ஸிலும் சப்வேயிலும் இரண்டு மணி நேரம் மாறி மாறிப் போகலாம். 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். பின்னால் கார் வாங்கினால் பனிக்கால டயருக்கு யோசிக்காதீர்கள். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் பிடிமானம் இழக்கும். அந்த டயர் போட்டால் இன்சூரன்ஸிலும் தள்ளுபடி உண்டு.

ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும்தான் கேட்கலாம். சேத அட்வான்ஸ் என்று தனியாகக் கேட்பதும், ஆறு மாதம் ஒரு வருடம் மொத்தமாகக் கொடு என்று கட்டாயப்படுத்துவதும் சட்டப்படி செல்லாது. மதுரையிலிருந்தே போட்டோ பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள், ஏமாந்தவர்கள் நிறையப் பேர். முதல் மூன்று வாரம் தற்காலிக இடத்தில் தங்கி நேரில் பார்த்து எடுங்கள். பேஸ்மென்ட் வீடு என்றால் ஓர் ஆள் வெளியேறும் அளவுக்கு ஜன்னல் உண்டா, சுவரின் அடிப்பகுதியில் ஈரவாடை அடிக்கிறதா என்று பாருங்கள்.

புத்தகத்துக்குச் செலவே வேண்டாம். டொராண்டோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள், தமிழ்ப் புத்தகங்களும் உண்டு, அட்டை இலவசம். போன் இங்கிருந்தே கொண்டுபோய் சிம்முக்கு மட்டும் மாதக் கட்டணம் கட்டுங்கள். கடையில் பார்க்கும் விலைக்கு மேல் 13 சதவீத வரி பில்லில் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். அரிசி, பால், காய்கறி போன்ற அன்றாட உணவுப் பொருளுக்கு அது இல்லை.

நிரந்தரமாகக் குடியேறுகிறவர்கள் நகைகளை ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் போட்டோவும் நகைக்கடை மதிப்பீடும் சேர்த்து, விமான நிலையச் சுங்கத்தில் முதல் தடவையே காட்டுங்கள். வங்கி லாக்கரில் வைத்துவிட்டு வந்ததையும் ‘பின்னால் வருபவை’ என்ற தலைப்பில் எழுதிவிடுங்கள். எழுதாத நகையை அடுத்த பயணத்தில் கொண்டுவந்தால் வரி கேட்பார்கள். 10,000 டாலரோ அதற்கு மேலோ கையில் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், சொன்னால் வரி எதுவும் கிடையாது.

முதல் வருடம் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காவிட்டாலும் கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக வருமான வரி ரிட்டர்ன் போடுங்கள், கடைசி நாள் ஏப்ரல் 30. பிள்ளைகளுக்கான மாத உதவித்தொகை, விற்பனை வரியில் திரும்ப வரும் பணம், மேலே சொன்ன பல் திட்டம் மூன்றும் அதை வைத்துத்தான் கணக்காகும். நிரந்தரக் குடியுரிமையோடு வருபவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தால், வந்து இறங்கி, வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் அடையாள எண்ணான சின் நம்பர் வாங்கிய வாரமே, உதவித்தொகைக்கான ஆர்.சி.66 விண்ணப்பப் படிவத்தை அதன் இணைப்போடு அனுப்பிவிடலாம், ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரிட்டர்ன் போட யாருக்கும் கூலி கொடுக்காதீர்கள். மார்ச், ஏப்ரலில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகப் போட்டுக் கொடுக்கும் தன்னார்வ முகாம்கள் நடக்கும். பாஸ்போர்ட், சின் நம்பர், கனடாவில் இறங்கிய தேதி, அதற்கு முன் அந்த வருடம் இந்தியாவில் வாங்கிய சம்பளக் கணக்கு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போனால் போதும்.