பட்டன்மேல் மவுஸ் போனால் பக்கத்தின் பின்னணி மாற

பட்டன்மேல் மவுஸ் போகும்போது அந்தப் பட்டனின் நிறத்தை மாற்றுவது எளிது. முழுப் பக்கத்தின் பின்னணியும் மாற வேண்டும் என்றால்தான் சிக்கல். பட்டன் இருப்பது பாடிக்குள், அதாவது பக்கத்தில் தெரிவதையெல்லாம் சூழ்ந்திருக்கும் டேகுக்குள். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில், ஒரு விதி எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் செலக்டர்களோ வெகுகாலம் வெளியிலிருந்து உள்ளே மட்டும்தான் போகும், உள்ளேயிருந்து வெளியே வராது. அதனால்தான் பலரும் ஜாவாஸ்கிரிப்டை நாடினார்கள். உள்ளே இருப்பதை வைத்து வெளியே இருப்பதைப் பிடிக்கும் ‘:ஹேஸ்’ செலக்டர் வந்தபின் அது தேவையில்லை. 2022இல் வந்த சஃபாரி 15.4, குரோம் 105, 2023 டிசம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 121 முதல் இது வேலை செய்கிறது.

பட்டனுக்கு ‘கடல்’ என்று கிளாஸ் (அடையாளப் பெயர்) கொடுங்கள். கோப்பை யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்தால் கிளாஸ் பெயர் தமிழிலேயே இருக்கலாம். மற்ற சொற்களை இங்கே உச்சரிப்பில் தந்திருக்கிறோம், கோப்பில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

பாடி { பேக்கிரவுண்ட்-கலர்: #999; டிரான்சிஷன்: பேக்கிரவுண்ட்-கலர் 0.3எஸ்; }

பாடி:ஹேஸ்(.கடல்:ஹோவர்) { பேக்கிரவுண்ட்-கலர்: #003366; கலர்: ஒயிட்; }

‘ஹோவர்’ என்பது மவுஸ் மேலே இருக்கும் நிலை. மாற்றத்தை மெதுவாக நடத்தும் டிரான்சிஷனை முதல் விதியில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். இரண்டாவதில் வைத்தால் நிறம் மெதுவாக ஏறும், மவுஸ் விலகியதும் சட்டென்று பழைய நிறத்துக்குத் தாவும். பின்னணி கருமையானால் எழுத்தும் கூடவே மாற வேண்டும். அதற்காகத்தான் அங்கே வெள்ளை.

எல்லாம் சரியாக எழுதியும் ஒன்றுமே மாறவில்லையா? பெரும்பாலும் பாடிக்குள் பக்கம் முழுவதையும் மூடிய ஒரு டிவ் (பெட்டி போன்ற டேக்) இருக்கும், அதற்குத் தனியாக வெள்ளைப் பின்னணி இருக்கும். பாடி மாறுகிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. அந்த டிவ்வின் பின்னணியை எடுத்துவிடுங்கள். பக்கத்தின் மேல்பாதி மட்டும் மாறினால் எச்டிஎம்எல் டேகைப் பாருங்கள். அதற்குப் பின்னணி எதுவும் இல்லாதவரை பாடியின் நிறம் திரை முழுக்கப் பரவும். அதற்கும் ஒரு நிறம் கொடுத்துவிட்டால் பாடி தன் உயரத்தோடு நின்றுவிடும்.

நிறத்துக்குப் பதில் படம் வைப்பவர்களுக்கு வேறு தொல்லை: பிரவுசர் அந்தப் படத்தை மவுஸ் மேலே போன பிறகுதான் இறக்கத் தொடங்கும், முதல் தடவை ஒரு கணம் பின்னணி வெறுமையாகத் தெரியும். கிரேடியன்ட் (ஒரு நிறம் இன்னொன்றாகக் கரையும் பின்னணி) என்றால் டிரான்சிஷனே பிடிக்காது. இரண்டுக்கும் ஒரே மருந்து, பாடியின் ‘::பிஃபோர்’, அதாவது சிஎஸ்எஸ் தானே பாடிக்குள் உருவாக்கும் கூடுதல் பகுதி. அதற்கு வெற்று கன்டென்ட், பொசிஷன் ஃபிக்ஸ்டு, இன்செட் 0, இசட்-இண்டெக்ஸ் -1, ஒபாசிட்டி 0 (முழுக்க மறைந்த நிலை) கொடுத்து, படத்தை அதில் வையுங்கள். டிரான்சிஷனையும் இதற்கே, ஒபாசிட்டிக்கு எழுதுங்கள். ஹோவரில் ஒபாசிட்டியை 1 ஆக்கினால் போதும். பக்கம் திறக்கும்போதே படம் இறங்கிவிடும், மாற்றமும் மென்மையாக நடக்கும்.

மொபைலில் மவுஸ் கிடையாது. பட்டனைத் தொட்டால் ஹோவர் ஒட்டிக்கொள்ளும், வேறெங்காவது தொடும்வரை நிறம் திரும்பாது. ஹோவர் விதியை ‘@மீடியா (ஹோவர்: ஹோவர்)’ என்பதற்குள் அடைத்துவிடுங்கள். கீபோர்டில் டேப் தட்டி வருபவர்களுக்காக ‘:ஃபோகஸ்-விசிபிள்’ வைத்து இன்னொரு விதியை அதற்கு வெளியே எழுதுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், மவுஸ் பிடிக்க முடியாதவர்களும் உங்கள் பக்கத்துக்கு வருகிறார்கள்.

பழைய பிரவுசர்களுக்கும் வேண்டுமென்றால் மட்டும் ஜாவாஸ்கிரிப்ட். ‘மவுஸ்என்டர்’ நிகழ்வில் பாடிக்கு ஒரு கிளாஸ் சேர்த்து, ‘மவுஸ்லீவ்’ நிகழ்வில் எடுங்கள். ‘மவுஸ்ஓவர்’, ‘மவுஸ்அவுட்’ வேண்டாம். பட்டனுக்குள் ஐகான் இருந்தால், எழுத்திலிருந்து ஐகானுக்கு மவுஸ் நகரும் ஒவ்வொரு முறையும் அவை மறுபடி கிளம்பும். அந்த கிளாஸுக்கான விதியை ‘:ஹேஸ்’ விதியோடு காற்புள்ளி போட்டு இணைக்காமல் தனியாக எழுதுங்கள். புரியாத ஒரு செலக்டர் இருந்தாலே பழைய பிரவுசர் விதி முழுவதையும் தள்ளிவிடும்.