வட்டம் முடிந்தால்தான் வெளிச்சம்: மின்சுற்றை முதல் படியிலிருந்து செய்து பார்ப்போம்

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். எரிந்துபோய் வரும் போர்வெல் மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை எடுத்துவிட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். எட்டாவது படிக்கும் என் அக்கா மகள் விடுமுறைக்கு வந்தபோது, "மாமா, மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடைன்னு மூணு வருது. மனப்பாடம் பண்ணிட்டேன். ஆனா எது என்னன்னு புரியல" என்றாள். இரண்டு நாள் சாயங்காலம் பட்டறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கண்டிப்பு. இதில் வரும் எல்லாச் செய்முறையும் பேட்டரியில் மட்டும்தான். வீட்டு பிளக்கில் எதையும் செருகக் கூடாது. ஏன் என்பது கடைசியில் வரும்.

தேவையானவை

சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி 2, டார்ச் லைட்டில் போடும் 2.5 வோல்ட் குண்டு பல்பு 2, மெல்லிய ஒயர் ஒரு மீட்டர், இன்சுலேஷன் டேப், ஒரு சிவப்பு எல்.இ.டி., 100 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை தரும் சிறு பாகம்) ஒன்று, நான்கு தக்காளி, ஒரு முழம் ஜி.ஐ. கம்பி, அதே அளவு செம்புக் கம்பி. வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் மல்டிமீட்டர் கிடைத்தால் நல்லது. பள்ளி ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள்.

படி 1: வட்டம் போடுவது

இரண்டு பேட்டரியையும் ஒன்றின் மேடான முனை இன்னொன்றின் தட்டையான முனையைத் தொடுகிற மாதிரி வரிசையாக வைத்து டேப் சுற்றுங்கள். இப்போது 3 வோல்ட். பல்பின் அடிப்புள்ளியில் ஒரு ஒயர், பக்கவாட்டு உலோகத்தில் இன்னொரு ஒயர். ஒன்றை பேட்டரியின் பிளஸ் முனையில் வையுங்கள். பல்பு எரியாது. மற்றதை மைனஸில் வையுங்கள். எரியும்.

பேட்டரியிலிருந்து ஏதோ கிளம்பி பல்புக்குள் போய் முடிந்துவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படியென்றால் ஒரு ஒயரே போதுமே! பிளஸ் முனையிலிருந்து ஒயர், பல்பின் இழை, இரண்டாவது ஒயர், மைனஸ் முனை, பேட்டரிக்குள்ளேயே திரும்ப பிளஸ். இந்த வட்டம் எங்கும் அறுபடாமல் இருந்தால்தான் ஓட்டம். அதனால்தான் அதற்கு மின்சுற்று என்று பெயர்.

அவளுக்கு முதல் முறை எரியவில்லை. பட்டறைத் தரையில் கிடந்த காயில் கம்பித் துண்டுகளைப் பொறுக்கி வந்து மாட்டியிருந்தாள். பளபளவென்று செம்பு நிறம், பார்த்தால் வெறும் கம்பி மாதிரியே இருக்கும். பேட்டரியை மாற்றினாள், பல்பை மாற்றினாள், டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டினாள். அரைமணி நேரம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு பிளேடைக் கொடுத்து, கம்பியின் நுனியைச் சுரண்டச் சொன்னேன். தேன் நிறத்தில் மெல்லிய தோல் உரிந்து வந்தது. அது எனாமல். அடியில் இளஞ்சிவப்பாகச் செம்பு தெரிந்தது. நான்கு நுனியையும் சுரண்டி வைத்தாள், பல்பு எரிந்தது.

காயிலில் நூற்றுக்கணக்கான சுற்று ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். அந்தத் தோல் இல்லாவிட்டால் மின்சாரம் சுற்றிச் சுற்றிப் போகாமல் குறுக்கே பாய்ந்துவிடும். மோட்டார் சூடேறி எரிகிறது என்றால் பெரும்பாலும் இந்த எனாமல் வெந்துபோய்விட்டது என்றுதான் அர்த்தம். செம்பு மின்கடத்தி, எனாமல் மின்காப்பு. புத்தகத்தில் இரண்டு பத்தியில் படிப்பதை அவள் பிளேடு முனையில் பார்த்துவிட்டாள்.

இப்போது சுற்றில் ஒரு இடத்தை அறுத்து, அந்த இடைவெளியில் வீட்டுச் சாமான்களை வைத்துப் பாருங்கள்: சாவி, பென்சில் கரி, ரப்பர், ஜி.ஐ. கம்பி, புளியங்கொட்டை. எரிவதையும் எரியாததையும் நோட்டில் எழுதுங்கள். சுவிட்சும் இதே இடைவெளிதான். நம் விருப்பத்துக்குத் திறந்து மூடுகிறோம், அவ்வளவே.

படி 2: மூன்று சொற்கள், ஒரு ஒகேனக்கல்

மழைக்காலத்தில் செய்தியில் கேட்டிருப்பீர்கள்: "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு 8,000 கன அடியிலிருந்து 12,000 கன அடியாக உயர்வு." காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளந்து சொல்கிறார்கள். ஓர் இடத்தை ஒரு விநாடியில் எவ்வளவு தண்ணீர் கடக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு. மின்னோட்டமும் அப்படித்தான். கம்பியின் ஓர் இடத்தை ஒரு விநாடியில் எவ்வளவு மின்னூட்டம் கடக்கிறது என்பதை ஆம்பியரில் சொல்கிறோம். மின்னூட்டத்தின் அலகு கூலூம். ஒரு ஆம்பியர் என்றால் விநாடிக்கு ஒரு கூலூம். எலக்ட்ரான் கணக்கில் சுமார் 62,400 கோடி கோடி.

தண்ணீர் ஏன் கீழே விழுகிறது? மேலே இருக்கும் பாறைக்கும் கீழே இருக்கும் ஆற்றுக்கும் உயர வித்தியாசம் இருக்கிறது. அந்த உயர வித்தியாசம் மாதிரிதான் மின்னழுத்தம், அலகு வோல்ட். கோடையில் தண்ணீர் வற்றினாலும் பாறையின் உயரம் குறைவதில்லை. அதேபோல மேசையில் சும்மா கிடக்கும் பேட்டரியில் ஓட்டம் இல்லை, ஆனால் 1.5 வோல்ட் இருக்கிறது. வழியில் தண்ணீரை மறிக்கும் பாறைகளும் இடுக்குகளும் மின்தடை, அலகு ஓம்.

இந்த மூன்றுக்கும் உள்ள உறவை ஜெர்மனிக்காரரான ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்டார். மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்.இ.டி.யின் நீளமான கால் பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். சிவப்பு எல்.இ.டி. தனக்கென்று சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். நம் பேட்டரி 3 வோல்ட். மீதி 1 வோல்ட் 100 ஓம் ரெசிஸ்டரின் மேல் விழும். 1-ஐ 100-ஆல் வகுத்தால் 0.01 ஆம்பியர், அதாவது 10 மில்லி ஆம்பியர். எல்.இ.டி. நன்றாக எரிய இது போதும். ரெசிஸ்டர் இல்லாமல் நேராக மாட்டினால் ஓட்டம் அளவுக்கு மீறிப் போய் எல்.இ.டி. கெட்டுவிடலாம்.

நீங்கள் கேட்கக்கூடிய ஒன்று: எலக்ட்ரான் கம்பிக்குள் எறும்பை விட மெதுவாகத்தான் நகர்கிறது, பிறகு சுவிட்சைப் போட்டவுடன் பல்பு எப்படி எரிகிறது? மாந்தோப்பில் சொட்டுநீர்க் குழாயைப் பாருங்கள். குழாய் முழுக்க ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால், வால்வைத் திறந்த உடனே கடைசி மரத்தடியிலும் சொட்டும். முதல் துளி அங்கே போய்ச் சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கம்பியில் எலக்ட்ரான்கள் அப்படி நிறைந்தே இருக்கின்றன.

படி 3: தக்காளி பேட்டரி

எங்கள் ஊரில் விலை விழும் நாளில் தக்காளிக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு தக்காளியிலும் ஒரு துண்டு செம்புக் கம்பியும் ஒரு துண்டு ஜி.ஐ. கம்பியும் ஒன்றையொன்று தொடாமல் குத்துங்கள். காயில் கம்பி என்றால் முழுத் துண்டையும் சுரண்டிவிட்டுத்தான் குத்த வேண்டும். ஜி.ஐ. என்றால் இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது. துத்தநாகம் சாற்றில் மெல்லக் கரைந்து எலக்ட்ரான்களை விட்டுச் செல்கிறது, அவை வெளிச் சுற்று வழியாகச் செம்புக்குப் போகின்றன. 1800-இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்டா உப்புநீரில் நனைத்த துணியை உலோகத் தட்டுகளுக்கு நடுவே அடுக்கிச் செய்த முதல் பேட்டரிக்கும் அடிப்படை இதுதான்.

மீட்டரில் ஒரு தக்காளி ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். ஒன்றின் செம்பை அடுத்ததின் ஜி.ஐ. கம்பியோடு சேர்த்து நான்கையும் கோத்தால் 3 வோல்ட்டுக்கு மேல் வரும். இப்போது டார்ச் பல்பை மாட்டுங்கள். எரியாது! வோல்ட் இருக்கிறதே, ஏன்? அந்தப் பல்புக்கு சுமார் 0.3 ஆம்பியர் ஓட வேண்டும். தக்காளியின் சதைக்குள்ளேயே தடை மிக அதிகம், அவ்வளவு ஓட்டத்தை அது தராது. அருவி உயரமாக இருக்கிறது, ஆனால் மேலிருந்து வருவது சொட்டுத் தண்ணீர். சிவப்பு எல்.இ.டி.யை ரெசிஸ்டர் இல்லாமலே மாட்டி (தக்காளியின் தடையே இங்கே போதும்), விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். மங்கலாக ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். வோல்ட்டும் ஆம்பியரும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. கம்பி குத்திய தக்காளியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

படி 4: இரண்டு பல்பு, இரண்டு விதம்

முதல் பல்பிலிருந்து வரும் ஒயரை இரண்டாவது பல்புக்குள் விட்டு, அங்கிருந்து பேட்டரிக்குக் கொண்டு வாருங்கள். இது தொடரிணைப்பு. 3 வோல்ட்டை இரண்டும் பாதிப் பாதியாகப் பங்கிடுவதால் இரண்டும் மங்கலாக எரியும். ஒன்றைக் கழற்றினால் வட்டம் அறுந்து மற்றதும் அணையும். திருவிழாப் பந்தலில் கட்டும் பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் அந்த வரிசையே இருட்டாகும், பார்த்திருப்பீர்கள். சீரியல் என்ற பெயரே தொடரிணைப்பைத்தான் சொல்கிறது.

இரண்டு பல்புக்கும் தனித்தனி ஒயர் வைத்து, இரண்டையும் பேட்டரியின் இரு முனைகளுக்கு நேராக இணைத்தால் பக்க இணைப்பு. இரண்டும் பிரகாசமாக எரியும், ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரியும். வீட்டு ஒயரிங் இப்படித்தான். ஆனால் 0.3-உம் 0.3-உம் சேர்ந்து 0.6 ஆம்பியர் பேட்டரியிலிருந்து போகிறது, சீக்கிரம் தீரும்.

பல்பே இல்லாமல் பிளஸையும் மைனஸையும் ஒயரால் சேர்த்தால் ஷார்ட். தடை கிட்டத்தட்ட இல்லாததால் ஓட்டம் எகிறி, ஒயரும் பேட்டரியும் சுடும். செய்து பார்க்க வேண்டாம். செல்போன் பேட்டரியில் இப்படி ஆனால் தீயே பிடிக்கும். வீட்டில் இதற்காகத்தான் பியூஸ். அளவு மீறினால் அந்த மெல்லிய கம்பி முதலில் உருகி வட்டத்தை அறுத்துவிடும்.

படி 5: கையால் செய்யாமல், பார்த்து மட்டும் புரிந்துகொள்வது

எலக்ட்ரீசியன், மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டரை பிளக்கில் வைத்து, பின்பக்க உலோகத்தில் விரலை வைத்ததும் உள்ளே சிவப்பாக எரியும். அவர் தொடுவது ஒரே ஒரு துளை. வட்டம் எங்கே?

அக்கா மகள் நெடுநேரம் யோசித்தாள். விடை அவர் காலடியில் இருக்கிறது. தெரு டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல், அதாவது ஓட்டம் திரும்பிப் போகும் முனை, மண்ணில் எர்த் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. மின்சாரம் வரும் கம்பியான பேஸிலிருந்து டெஸ்டர், விரல், உடம்பு, தரை, மண் வழியாக அந்த எர்த்துக்கு ஓட்டம் திரும்புகிறது. டெஸ்டருக்குள் சுமார் 10 லட்சம் ஓம் தடை இருப்பதால் 230 வோல்ட்டிலும் ஒரு மில்லி ஆம்பியரில் கால் பங்குதான் ஓடும், உணரவே முடியாது. அந்தத் தடை இல்லாமல் ஈரக் கையோடு பேஸைத் தொட்டால்? நனைந்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் வரை இறங்கிவிடும். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். வீடுகளில் உயிர் காக்க வைக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கிற மாதிரி செய்யப்படுகிறது. இதயத்தின் துடிப்பைக் குலைக்க 100 மில்லி ஆம்பியர் போதும்.

கம்பியில் உட்காரும் காகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. இரண்டு காலும் ஒரே கம்பியில், ஒரே உயரத்தில், அதாவது ஒரே மின்னழுத்தத்தில். அதே காகத்தின் இறக்கை பக்கத்துக் கம்பியைத் தொட்டால் வட்டம் முடிந்துவிடும்.

2023 மார்ச்சில் எங்களுக்குப் பக்கத்தில், மாரண்டஅள்ளி அருகே, வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போட்டிருந்த மின்வேலியில் பட்டு மூன்று யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன. சோலார் வேலி விநாடிக்கு ஒருமுறை, கண் இமைப்பதை விடக் குறைந்த நேரம் மட்டும் அடித்து விடும். மிருகம் திடுக்கிட்டு விலக முடியும். மின் இணைப்பை நேராகக் கம்பியில் கொடுத்தால் ஓட்டம் நிற்காது, விலக விடாது. யானைக்கும் சரி, விடியற்காலையில் மடை திருப்பப் போகும் ஆளுக்கும் சரி. அப்படி ஒரு கம்பியைப் பார்த்தால் கிட்டே போகாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள், மின்வாரியத்தின் மின்னகம் என்ற புகார் மையத்தின் எண் 94987 94987.

இரண்டாம் நாள் கடைசியில், அந்த வேலியின் மின்சுற்றை வரையச் சொன்னேன். கம்பம் வரைந்தாள், ஜி.ஐ. கம்பி வரைந்தாள், யானையையும் வரைந்தாள். நான்கு காலுக்கும் அடியில் பென்சில் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மண்ணுக்குள்ளேயே ஒரு கோடு இழுத்து, டிரான்ஸ்பார்மரின் எர்த் கம்பி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.