பையில் இருந்தால்தான் மிச்சம்: பொருள் எடுத்து வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு தினமும் வேலைக்குப் போய் வருகிறவர் ஒருவர், நாளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் 20 ரூபாய்க்கு வாங்குகிறார் என்று வையுங்கள். மாதம் 25 நாள் என்றால் 500 ரூபாய். வருடத்துக்கு 6,000. அவர் வீட்டு அலமாரியைத் திறந்தால் கல்யாணத்தில் கொடுத்தது, பிள்ளைக்குப் பள்ளியில் பரிசாகக் கிடைத்தது என்று இரண்டு மூன்று நல்ல பாட்டில்கள் சும்மா நிற்கும்.

பணத்தை மிச்சப்படுத்தும் பொருள்கள் பெரும்பாலும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் கிளம்புகிற நேரத்தில் கையில் இருப்பதில்லை. கையில் இருந்தாலும் நம் பக்கத்து உப்புக்காற்றையும் சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் தாங்குகிற வகையாக இருப்பதில்லை. செலவு இந்த இரண்டு இடங்களில்தான் கசிகிறது. அதனால் புதிதாக என்ன வாங்கலாம் என்பதை விட, எதில் தவறு செய்கிறோம் என்று பார்ப்பது பயன் தரும்.

பயணத்துக்கென்றே விற்பதை வாங்குவது

குட்டி பாட்டில் செட், மடக்கு டம்ளர், கழுத்துத் தலையணை என்று ‘டிராவல்’ என்ற பெயரில் வருகிற பொருள்களில் பாதிக்கு மேல் தேவையில்லை. அதே வேலையைச் செய்கிற மலிவான பொருள் பக்கத்துப் பெட்டிக்கடையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

ஷாம்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் கடலூருக்குப் பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து, கூலி வேலைக்குப் போகிறவரும் வாங்கும்படி விற்கலாம் என்ற யோசனையைக் கடலூரில் இருந்து செய்து காட்டியவர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனம் சிக் ஷாம்பூவை அதே வழியில் கொண்டு போனது. பின்னாளில் அதுவே கெவின்கேர் ஆனது. ஊரே பார்த்து வளர்ந்த இந்தப் பாக்கெட்டை விட்டுவிட்டு, பயண அளவு பாட்டிலுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம்.

பொதுவாகப் பெரிய பாட்டில்தான் மலிவு என்று நினைப்போம். ஷாம்பூவில் பல பிராண்டுகளில் இது தலைகீழ். பாக்கெட்டின் பின்னால் எத்தனை மி.லி. என்று போட்டிருக்கும். ஒரு ரூபாய்க்கு 5 மி.லி. என்றால் 100 மி.லி.க்கு 20 ரூபாய். அதே கணக்கைப் பாட்டிலுக்கும் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பாக்கெட்தான் ஜெயிக்கும். சோப்பில் அப்படி இல்லை. வீட்டில் பாதி தேய்ந்த சோப்பை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போவதே போதும். கடலோரத்தில் பல இடங்களில் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருக்கும், சோப்பு நுரை வராது. நுரை வரவில்லையே என்று தேய்த்துக்கொண்டே இருந்தால் சோப்புதான் கரையும்.

ஒரு வேண்டுகோள். கிழித்த பாக்கெட்டைத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். ஒரு பழைய கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

கழுத்துத் தலையணைக்குப் பதில், பயணத்துக்கு ஒரு மெல்லிய பருத்தித் துண்டு. தடிமனான டர்க்கி டவலை எடுத்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். லாட்ஜ் அறையில் அது காயாது, மறுநாள் ஈரத்தோடு பையில் போனால் எல்லாத் துணியும் நாறும். மெல்லிய துண்டு மின்விசிறிக் காற்றிலேயே சீக்கிரம் உலர்ந்துவிடும். சுருட்டினால் தலையணை, வெயிலில் தலைக்கு மறைப்பு, குளிர்கிற பேருந்தில் பிள்ளைக்குப் போர்வை, அவசரத்துக்கு மூட்டை கட்டவும் ஆகும். இவ்வளவு வேலை செய்கிற இன்னொரு பொருளை அந்த விலைக்கு நான் பார்த்ததில்லை.

தண்ணீர் பாட்டிலில் நடக்கும் தவறுகள்

முதல் தவறு எடை. வெந்நீர் பல மணி நேரம் சூடாக இருக்கும் என்று இரட்டைச் சுவர் ஸ்டீல் பாட்டில் வாங்குவோம். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. அதோடு பாட்டிலின் கனமும் சேர்ந்தால் தோள் வலிக்கும். ஒரு வாரத்தில் அது அலமாரிக்குப் போய்விடும். தினசரிப் பேருந்துப் பயணத்துக்கு ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டில் போதும். கை உள்ளே போகிற அளவுக்கு வாய் அகலமாக இருக்க வேண்டும். கழுவ முடியாத பாட்டில் நாளடைவில் வாடை அடிக்கும், அப்புறம் யாரும் தொட மாட்டார்கள். மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் கழற்றிக் கழுவுங்கள்.

செம்பு பாட்டிலில் மோர், எலுமிச்சைச் சாறு ஊற்றி எடுத்துப் போவது இன்னொரு தவறு. புளிப்பு செம்போடு வினைபுரியும், குமட்டலும் வயிற்றுக் கோளாறும் வரலாம். செம்பில் வெறும் தண்ணீர் மட்டும்தான்.

ரயிலில் போகிறபோது தண்ணீர் தீர்ந்துவிட்டால் ரயில்வே விற்கும் ‘ரயில் நீர்’ பாட்டில் ஒரு லிட்டர் 14 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 15இல் இருந்து குறைத்தார்கள். இன்னும் 20 கேட்டால் பாட்டிலில் அச்சிட்ட விலையைக் காட்டுங்கள். ரயில்வே புகாருக்கு 139, வெளிக்கடையில் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பை இருந்தும் பை வாங்குவது

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. ஆனாலும் புதுச்சேரி மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துணி வாங்கி முடித்த பிறகுதான் பை நினைவுக்கு வருகிறது. உடனே பத்து ரூபாய்க்கு ஒரு பை. வீட்டில் அப்படிச் சேர்ந்த கட்டைப்பைகளை எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

பையை வீட்டுக் கதவில் மாட்டுவதால்தான் மறக்கிறோம். ஒன்றை வண்டி டிக்கியில் போடுங்கள், இன்னொன்றை மடித்துத் தினசரிப் பைக்குள்ளேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். கடலூர் முதுநகரில் மீன் வாங்குகிறவர்கள் மீனுக்கென்று மூடி போட்ட பழைய டப்பா ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. துணிப்பையில் மீன் தண்ணீர் ஒருமுறை இறங்கிவிட்டால் அந்தப் பையை வேறெதற்கும் எடுக்க முடியாது.

உப்புக்காற்றை மறந்துவிட்டுப் பொருள் வாங்குவது

உள்நாட்டில் ஐந்து வருடம் உழைக்கிற பொருள் இங்கே இரண்டு மழைக்காலத்தில் வீணாகும். காற்றிலேயே உப்பு இருக்கிறது. இரும்புக் கம்பி வைத்த மூன்று மடிப்புக் குடையில் மூட்டுக்கு மூட்டு துரு ஏறும். ஒருநாள் கடற்கரைக் காற்றில் விரித்ததும் கம்பி முறியும். ஃபைபர் கம்பி வைத்த குடைக்குக் கொஞ்சம் கூடுதல் விலைதான், ஆனால் அது துருப்பிடிக்காது, காற்றில் வளைந்து கொடுத்துத் திரும்பும். மடிப்பு குறைய குறைய குடைக்கு ஆயுள் கூடும்.

பையின் ஜிப்பும் அப்படியே. உலோகப் பல் வைத்த ஜிப் சில மாதத்தில் இறுகிப்போகும். நைலான் ஜிப் வைத்த பையாகப் பார்த்து வாங்குங்கள். இறுகின ஜிப்பில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் கொஞ்ச நாள் ஓடும். கடலில் இறங்கி வந்த நாளில் குடை, செருப்புக் கொக்கி, பூட்டு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வைப்பது ஐந்து நிமிட வேலை.

ரெயின்கோட்டை ஈரத்தோடு மடித்து வண்டி சீட்டுக்கு அடியில் திணிப்பது நிறைய பேர் செய்கிற தவறு. அடுத்த மழைக்கு எடுத்தால் பூசணம் பூத்திருக்கும், பூச்சு உரிந்து தண்ணீர் இறங்கும். நிழலில் காயவைத்த பிறகுதான் மடிக்க வேண்டும். செல்போன், கடிதம், பணத்துக்கு ரெயின்கோட் பாக்கெட்டை நம்பாதீர்கள். தடிமனான ஜிப் கவர் ஒன்று போதும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையை எந்தத் தையலும் தாங்காது.

பவர் பேங்கின் மேலே எழுதியிருப்பதை அப்படியே நம்புவது

10,000 எம்.ஏ.எச். (பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்ற அளவு) என்று எழுதியிருந்தால் 5,000 எம்.ஏ.எச். போனை இரண்டு முறை முழுதாக ஏற்றலாம் என்று நினைப்போம். நடக்காது. உள்ளே இருக்கும் பேட்டரி சுமார் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். இந்த மாற்றத்திலும் சூட்டிலும் போனது போக 6,000 அளவுக்குத்தான் கிடைக்கும். பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று உண்மையான அளவு இருக்கும். அதைப் பார்த்து விலையை ஒப்பிடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) பதிவு எண் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம், தீப்பிடிக்கும் பொருள் அது.

விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். அனுப்புகிற பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-அவர் வரை அனுமதி. 20,000 எம்.ஏ.எச். என்பது 74 வாட்-அவர், ஆகவே கவலையில்லை. வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் வைப்பதுதான் அதைச் சீக்கிரம் கொல்லும். பயன்படுத்தாவிட்டாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதிக்கு மேல் ஏற்றி வையுங்கள். புயல் அன்று எடுத்துப் பார்த்தால் காலியாகக் கிடக்கக் கூடாது. கூடவே ஒரு சின்ன டார்ச் லைட். போனையே டார்ச்சாக எரித்தால் கடைசியில் போனும் இருக்காது, வெளிச்சமும் இருக்காது.

கட்டுச்சோறு

பிச்சாவரத்துக்கோ சுண்ணாம்பாற்றுக்கோ நான்கு பேர் போய் வெளியே சாப்பிட்டால் படகுக் கட்டணத்தை விடச் சாப்பாட்டுச் செலவு கூடிப்போகலாம். கட்டிக்கொண்டு போவது மிச்சம்தான், கெட்டுப்போகாமல் இருந்தால். சூடாக இட்லியை டப்பாவில் அடைத்து மூடினால் ஆவி வியர்த்து, மதியத்துக்குள் பிசுபிசுக்கும். ஆறவிட்டு, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வையுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். புளிசாதத்தை அலுமினியத் தாளில் பொதிய வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். வாட்டிய வாழை இலையோ ஸ்டீல் டப்பாவோ போதும்.

ஜிப்மருக்குப் போகும் பை

இதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன். கடலூர், விழுப்புரம் பக்கமிருந்து விடியற்காலை பஸ் ஏறி, புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் கோரிமேடு போய் இறங்குகிறவர்கள் ஏராளம். வைத்தியத்துக்குச் செலவாகாத இடத்திலும் மறந்த பொருள்களுக்குச் செலவாகிறது. ஜெராக்ஸ், தண்ணீர், சாப்பாடு, சார்ஜர், விரித்துப் படுக்கப் பாய் என்று ஒவ்வொன்றாகப் பணம் போகும். நோயாளியோடு இருப்பவர் பேரம் பேசுகிற மனநிலையில் இருக்க மாட்டார்.

பழைய சீட்டுகளைக் கையில் சுருட்டிக் கொண்டு போவது பெரிய தவறு. சீட்டு தொலைந்தால் செய்த பரிசோதனையையே மறுபடி செய்யச் சொல்லலாம். அலைச்சலோடு நாளும் போகும். தேதி வரிசையில் அடுக்கி ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் வையுங்கள். மருத்துவமனையில் நோயாளிக்குக் கொடுத்த பதிவு எண்ணை ஒரு தாளில் தனியாகவும் எழுதி வையுங்கள். ஆதார், குடும்ப அட்டை நகல்களை ஊரிலேயே இரண்டிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வருகிறவர்கள் போன் கேலரியில் இருக்கும் ஆதார் படத்தை அடையாளமாகக் காட்ட முடியாது. அரசின் டிஜிலாக்கர் செயலியில் அரசு வழங்கிய ஆவணமாக வந்தது செல்லும், நாமே பதிவேற்றியது செல்லாது.

மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கத்தை மிச்சம் வையுங்கள். இல்லாவிட்டால் டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தினசரி மாத்திரைகளை மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ முன்கூட்டியே வாங்கிக்கொண்டால் பெரிய அளவில் மிச்சமாகும். வயிற்றுப்போக்கில் உடம்பில் நீர் வற்றாமல் இருக்கக் கரைத்துக் குடிக்கிற ஓ.ஆர்.எஸ். தூள் இரண்டு பாக்கெட் இருக்கட்டும். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொட்டிக் குடித்தால் உப்பு மிகுந்து கெடுதல் செய்யும். 200 மி.லி.க்கான சின்னப் பாக்கெட்டும் கிடைக்கிறது, பயணத்துக்கு அதுதான் வசதி. அட்டை டப்பாவில் வருகிற இனிப்பு பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்காதீர்கள். அந்தப் பெயரைப் பானங்களில் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது.

கூட இருப்பவருக்கு ஒரு நீளமான சார்ஜர் வயர், ஒரு கோரைப்பாய் அல்லது பழைய புடவை, ஸ்டீல் டம்ளர், ஸ்பூன், மாற்றுத் துணி ஒன்று, பத்து இருபது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் சில்லறை. இந்தப் பணத்தை உள்பாக்கெட்டில் ஃபைலிலிருந்து தனியாக வையுங்கள், வரிசையில் நிற்கும்போது ஃபைல் பலர் கைக்குப் போகும். வீட்டில் வயதானவர் இருந்தால் இந்தப் பையை எப்போதும் கட்டியே வைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை மாத்திரைத் தேதியை மட்டும் பார்த்து மாற்றினால் போதும்.