வயிற்றுக் கிருமியும் கொலஸ்ட்ராலும்: எங்கே தவறு நடக்கிறது?

எண்டோஸ்கோப்பியில், இரைப்பையில் தங்கிப் புண் உண்டாக்கக்கூடிய எச்.பைலோரி கிருமி இருப்பது தெரிகிறது. அதே வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். 160. கிருமியை ஒழித்தால் கொழுப்பும் தானாக இறங்கிவிடும் என்று முடிவுகட்டி, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை ஓரங்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யக் கூடாத காரியம் இது.

தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. இந்தக் கிருமி உள்ளவர்களுக்கு எல்.டி.எல்., டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு ஆகியவை சற்றுக் கூடியும், நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். குறைந்தும் இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இரைப்பையில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சி, கல்லீரல் கொழுப்பைக் கையாளும் விதத்தைக் குலைக்கலாம் என்கிறார்கள். ஆனால் வயது, உடல் எடை, புகைப்பழக்கம் என்று வேறு காரணங்களும் இதில் பின்னிக்கிடக்கின்றன. கிருமி போன பிறகு எச்.டி.எல். கொஞ்சம் ஏறியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, எல்.டி.எல். விஷயத்தில் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. வயிறு சரியாகி, நன்றாகப் பசித்துச் சாப்பிட்டு, எடை கூடியவர்களும் உண்டு!

இதைவிட ஆபத்தான தவறு மருந்துச் சீட்டில் இருக்கிறது. வயிற்று மருத்துவர் பெரும்பாலும் 14 நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதுவார். இதய மருத்துவர் எழுதிய ஸ்டேட்டின் இரவில் தன்பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஆன்டிபயாடிக்குகளில் ஒன்று கிளாரித்ரோமைசினாக இருந்தால் சிக்கல்தான். சிம்வாஸ்டேட்டினையும் அடோர்வாஸ்டேட்டினையும் சிதைக்கும் கல்லீரல் நொதியை அது முடக்கிவிடும். மாத்திரையின் அளவு அதேதான். ரத்தத்தில் சேரும் மருந்தோ பல மடங்கு. தசை வலி, தளர்ச்சி, சிறுநீர் கரும்பழுப்பாகப் போவது எல்லாம் தசை சிதைவதன் அறிகுறிகள். முற்றினால் சிறுநீரகத்தையே பாதிக்கும். சிம்வாஸ்டேட்டினோடு இதைச் சேர்க்கவே கூடாது. அடோர்வாஸ்டேட்டின் என்றால் அளவைக் குறைப்பதா, அந்த 2 வாரம் நிறுத்துவதா, வேறு ஆன்டிபயாடிக் தருவதா என்று மருத்துவர் சொல்லட்டும். எந்த ஸ்டேட்டின் என்று அவர் கேட்காவிட்டாலும் அட்டையை எடுத்துக் காட்டுங்கள். சரி, நிறுத்தச் சொன்னார், நிறுத்தியாயிற்று. அப்புறம் கோர்ஸ் முடிந்ததும் திரும்பத் தொடங்க மறந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கிருமி போய்விட்டதா என்று அவசரப்பட்டுப் பார்ப்பதும் வீண். ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் ஆக வேண்டும்; ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை 2 வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால், கிருமி உள்ளே இருந்தும் ‘இல்லை’ என்று வரும். யூரியா மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனைதான் இதற்குச் சரி. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனை, கிருமி ஒழிந்து பல மாதங்கள் கழித்தும் பாசிட்டிவ் காட்டும்.

கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் கிருமியைத் தேடிப் போகத் தேவையில்லை. ஆனால் ஏற்கெனவே வயிற்றுப்புண் வந்து, இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர் என்றால் கட்டாயம் பார்த்துவிட வேண்டும். அவருக்குப் பயம் கொழுப்பால் அல்ல, புண்ணிலிருந்து ரத்தம் கசிவதால்தான்.