எடைப் பயிற்சியில் எங்கள் பொடியன்கள் விடும் தவறுகள்

இப்போது வன்னியில் நெல்லை மெஷின் வெட்டுகிறது. மூட்டையைத் தூக்குவது இன்னமும் ஆள்தான். 60, 70 கிலோ மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு வந்து ட்ரக்டர் பெட்டியில் ஏற்றும் இளைஞர்களை வட்டக்கச்சியிலும் முத்தையன்கட்டிலும் பெரும்போக அறுவடைக் காலத்தில் பார்க்கலாம். அப்படிப்பட்ட ஒருவர் ஜிம்முக்கு வந்தால் அனேகமாக ஒரு கேள்வி கேட்பார். "பத்து வருசமா மூட்டை தூக்கிறன் அண்ணை, பிறகேன் பலம் கூடேல்லை?"

நியாயமான கேள்வி. பத்து வருடத்துக்கு முன்னும் மூட்டை 70 கிலோ, இன்றும் 70 கிலோ. அதைத் தூக்கத் தேவையான பலம் முதல் போகத்திலேயே உடம்புக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் பலம் சேர்க்க உடம்புக்கு ஒரு காரணமும் இல்லை. களைப்பு ஒவ்வொரு நாளும் வரும், ஆனால் களைப்பு வந்தால் பலம் வருகிறது என்று அர்த்தமில்லை. ஜிம்மிலும் நான் அதிகம் காணும் தவறு இதுதான். ஒரே பிளேட், ஒரே எண்ணிக்கை, இரண்டு வருடமாக. சேர்ட் நனையும் வரை செய்துவிட்டுப் போவார்கள். போன கிழமை எத்தனை கிலோ, எத்தனை தடவை என்று கேட்டால் பதில் வராது.

அதனால் முதலில் வாங்க வேண்டியது ஒரு கொப்பி. திகதி, பயிற்சி, கிலோ, தடவை. இவ்வளவும் எழுதினால் போதும். அடுத்த முறை அதைப் பார்த்து ஒரு தடவை கூடச் செய்யுங்கள், அல்லது சிறிது எடை கூட்டுங்கள். பிளேட் போடாத வெறும் பார், அதாவது நீள இரும்புத் தண்டு, வழக்கமாக 20 கிலோ. அதைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பும் ஸ்குவாட்டைத் தொடங்கி, கிழமைக்கு 2.5 கிலோ மட்டும் கூட்டினாலும் 20 கிழமையில் 70 கிலோவில் நிற்பீர்கள். ஒரு முழு நெல் மூட்டை!

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஒரே நாளில் 10 கிலோ, 20 கிலோ என்று பாய்வது. பக்கத்தில் நிற்பவர் போட்ட எடையை நாமும் போட வேண்டும் என்ற ரோசம். பாரின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகப் போட 1.25 கிலோ பிளேட் பல ஜிம்களில் இருக்காது, அதனால் 5, 10 என்று கூட்டுகிறார்கள். சின்னப் பிளேட் இல்லாவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 5 தடவை செய்த எடையை 8 தடவை வரை கொண்டுபோய், அதற்குப் பிறகு எடையை மாற்றுங்கள். வீட்டில் செய்பவர்கள் உரப்பையில் மணல் நிரப்பிக் கடைத் தராசில் நிறுத்து, ஒவ்வொரு கிலோவாகக் கூட்டலாம்.

எடை அவசரமாகக் கூடும்போது அசைவு குறைந்துவிடுகிறது. ஸ்குவாட்டில் கால்வாசிதான் இறங்குவார்கள். தொடை நிலத்துக்குச் சமாந்தரமாக வரும் அளவாவது இறங்க முயலுங்கள். குந்தியிருந்து பழகிய எங்கள் ஆட்களுக்கு இது கடினமே இல்லை. குதி நிலத்தை விட்டு எழும்பக் கூடாது, முழங்கால் உள்ளே சாயக் கூடாது, அவ்வளவுதான்.

நிலத்தில் கிடக்கும் பாரைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில்தான் கூடக் கவனம் வேண்டும். நிலத்தில் கிடக்கும் மூட்டையை முதுகை வில்லாக வளைத்து, வெடுக்கென்று இழுத்துப் பழகியவர்கள் நாங்கள். பாரையும் அப்படியே இழுக்கிறோம். பார் காலோடு ஒட்டியிருக்க வேண்டும். இடுப்பைப் பின்னே தள்ளி இறங்குங்கள், கதவைப் பின்பக்கத்தால் சாத்துவது போல. மூச்சை இழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருவது போல வயிற்றை இறுக்குங்கள். வெடுக்கென்று இழுக்காமல், முதலில் கையில் இழுவை வந்த பிறகு நிலத்தைக் காலால் தள்ளி எழும்புங்கள். முதுகு தொடக்கத்தில் எப்படி நேராக இருந்ததோ அப்படியே முடிவிலும் இருக்க வேண்டும். அது வளையத் தொடங்கும் எடை உங்களுக்கு இன்னும் சொந்தமில்லாத எடை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்க வேண்டாம், தூக்கும்போது வெளியே விடுங்கள்.

சரி, எந்தப் பயிற்சிகள்? குந்தி எழும்புவது, நிலத்திலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது. கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொன்றும் மூன்று சுற்று. இது சலிக்கிறது என்று கிழமைக்கு ஒரு யூடியூப் அட்டவணைக்கு மாறுகிறவர்களுக்கு எதுவும் கூடுவதில்லை, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. நெஞ்சுக்கும் கைக்கும் மட்டும் பயிற்சி செய்து கால்களை விட்டுவிடுவதும் தவறுதான். சுற்றுகளுக்கு இடையில் இரண்டு மூன்று நிமிடம் இருங்கள். அது சோம்பல் இல்லை, அடுத்த சுற்றை முழுப் பலத்தோடு செய்வதற்கான நேரம்.

வயல் வேலை மும்முரமான கிழமைகளில் ஜிம்மைக் குறையுங்கள். பகல் முழுக்க மூட்டை ஏற்றிய முதுகுக்கு இரவில் டெட்லிஃப்ட் தேவையில்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் செய்யாதீர்கள். அதிகாலை நல்லது, ஆனால் அதற்காக ஏழு மணி நேர நித்திரையை வெட்டக் கூடாது.

சாப்பாட்டில், ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். முட்டை, குளத்து மீன், கருவாடு, பயறு, கச்சான், தயிர் எல்லாம் இங்கேயே கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து பவுடர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் சிறுநீரக நோய் உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. அப்படியானவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் இரத்தப் பரிசோதனை செய்து டொக்டரிடம் கேட்பது கட்டாயம். தசை வளர யாராவது ஊசி போடச் சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு தவறு, இது எனக்கு மிகவும் கவலை தருவது. "எனக்குக் காயம் இருக்கு, எனக்கு இது சரிவராது" என்று ஒதுங்குவது. எங்கள் ஊர்களில் போரில் உடம்பில் பாய்ந்த செல் துண்டோடு நடமாடுபவர்களும் கால் இழந்தவர்களும் எத்தனை பேர்! படிப்படியாக எடையைக் கூட்டும் இந்த முறையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவரே காயப்பட்ட படையினருக்கு வைத்தியம் செய்த அமெரிக்க மருத்துவர்தான். தோமஸ் டிலோர்ம் 1945இல் அதை எழுதி வெளியிட்டார். முழங்கால் பலவீனமானவர்களின் பாதத்தில் இரும்புச் சப்பாத்தைக் கட்டி, தாங்கக்கூடிய எடையில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போனார். உடம்பில் துண்டு இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரேயோடு டொக்டரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் சரி என்றால், கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்புங்கள், ஐந்து தடவை. கொப்பியில் எழுதுங்கள். அடுத்த கிழமை ஆறு.