பிரிட்டனின் 1832 சீர்திருத்தச் சட்டம்: காரணங்களைப் படிப்படியாகக் கண்டறிவது எப்படி?

பிரிட்டனில் நாடாளுமன்றச் சீர்திருத்தம் ஏன் வந்தது என்று கேட்டால் தொழிற்புரட்சி, நடுத்தர வர்க்கம், பிரெஞ்சுப் புரட்சி என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். எந்தக் காரணம் எப்போது பலித்தது என்பதுதான் முக்கியம். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பழைய முறையின் கோளாறு

இரண்டு ஊர்களை அருகருகே எழுதுங்கள். ஓல்ட் சாரம், குடியிருப்பு அற்றுப்போன மேடு. அதற்கு இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள். மான்செஸ்டர், பருத்தி ஆலைகளால் லட்சம் பேருக்கு மேல் பெருகிய நகரம்; தனக்கென ஓர் உறுப்பினர்கூட இல்லை. வாக்கையும் பலரறியச் சொல்ல வேண்டும். நிலக்கிழாரைப் பகைத்துக்கொள்ள எந்தக் குத்தகைதாரர் துணிவார்?

படி 2: தோல்வியடைந்த ஆண்டு

இதைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள், தாண்டாதீர்கள். 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரின் புனித பீட்டர் திடலில் சுமார் 60,000 பேர் வாக்குரிமை கேட்டுக் கூடினார்கள். குதிரைப்படை வாளோடு புகுந்தது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள். அரசு இறங்கி வரவில்லை. கூட்டங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் கடிவாளம் போட்டது. கோளாறு இருந்தது, கூட்டமும் இருந்தது, சீர்திருத்தம் வரவில்லை. அப்படியானால் 1832இல் புதிதாகச் சேர்ந்தது என்ன?

படி 3: புதிதாகச் சேர்ந்தவை

1829இல் கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமை வழங்கியதால் ஆளும் டோரி கட்சி பிளந்தது. 1830இல் பாரிஸில் புரட்சியால் பிரெஞ்சு மன்னர் வீழ்ந்தார். தென் இங்கிலாந்தில் விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். பிர்மிங்ஹாமில் தாமஸ் ஆட்வுட்டின் அரசியல் சங்கம் முதலாளிகளையும் தொழிலாளர்களையும் ஒரே மேடையில் நிறுத்தியது. சீர்திருத்தமே தேவையில்லை என்று சாதித்த பிரதமர் வெலிங்டன் பதவியிழந்தார். சீர்திருத்தத்தை ஆதரித்த விக் கட்சியின் கிரே பிரபு பிரதமராக வந்தார்.

படி 4: நெருக்கடியைத் தேதிவாரியாக எழுதுதல்

1831 அக்டோபர்: நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை, கிரே அரசின் சீர்திருத்த மசோதாவை 41 வாக்கு வித்தியாசத்தில் தள்ளுபடி செய்தது. எதிர்த்து நின்ற நியூகாசில் பிரபுவின் நாட்டிங்ஹாம் கோட்டை எரிந்தது; பிரிஸ்டலில் கலவரம் வெடித்தது.

1832 மே: கிரே விலகினார். வெலிங்டன் திரும்பி வராமலிருக்க, வங்கிப் பணத்தைத் தங்கமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று சுவரொட்டிகள் முளைத்தன. வெலிங்டனால் அமைச்சரவை அமைக்க முடியவில்லை. தேவையானால் மசோதாவை ஆதரிக்கும் புதிய பிரபுக்களை மேலவைக்கு நியமிப்பதாக மன்னர் நான்காம் வில்லியம் ஒப்புக்கொள்ள, எதிர்த்தவர்கள் பின்வாங்கினார்கள். ஜூன் 7 அன்று சட்டம் பிறந்தது.

1819ஐயும் இதையும் ஒப்பிடுங்கள். ஏழைகளின் கோபத்தோடு நடுத்தர வர்க்கத்தின் பணமும் சேர்ந்து, ஆளும் தரப்பும் பிளந்திருந்த போதுதான் கதவு திறந்தது என்பது என் முடிவு.

படி 5: யாருக்குக் கிடைத்தது?

56 சிறு தொகுதிகள் அடியோடு நீங்கின. மான்செஸ்டர் இரண்டு இடங்கள் பெற்றது. நகரங்களில் ஆண்டுக்கு 10 பவுண்டு மதிப்புள்ள வீட்டில் வசித்த ஆண்களுக்கு வாக்கு வந்தது. திடலில் வாள்வெட்டு வாங்கிய நெசவாளிகளில் பெரும்பாலோருக்கு வரவில்லை. அந்த ஏமாற்றமே 1838இல், தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கேட்ட சாசன இயக்கமாகத் திரண்டது.

அடுத்து, வாக்குரிமையை மேலும் விரித்த 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இதே ஐந்து படிகளைப் போட்டுப் பாருங்கள். 1866இல் வாக்குரிமை கேட்ட கூட்டத்தால் லண்டன் ஹைட் பூங்காவின் வேலிக் கம்பிகள் சாய்ந்த நாளிலிருந்து தொடங்கலாம்.